அவகாசம் யாருக்கு, அபராதம் யாருக்கு?

(தில்லியில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பு முடியும் தறுவாயில் தோழர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு அன்று விடை கூற நேரம் இல்லாமல் போயிற்று. நம் நாட்டில் 140 கோடிப் பேர் வாழ்கிறோம்; இத்தனை பேர் நெருக்கியடித்து வாழும் நாட்டில் காற்றும் நீரும் எப்படித் தூய்மையாக இருக்க முடியும்; மக்கள்தொகையைக் குறைக்காமல் வேறு எந்தத் தீர்வைப் பற்றிப் பேசினாலும் அது பயனற்ற பேச்சு அல்லவா என்று அவர் கேட்டார். வாதத்துக்காக அவர் கேட்கவில்லை. நவம்பர் மாதம் வந்தால் மூச்சுத் திணறும் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறவர் அவர். அந்த வேதனைக்கு மதிப்பளித்துத்தான் நாம் விடை தேட வேண்டும். 'மால்தஸ்வாதம்' என்று ஒரு சொல்லை வீசிவிட்டு அந்தக் கேள்வியைக் கடந்துவிடக் கூடாது.

நான் கூறவிருப்பது ஒன்றே ஒன்றுதான். மக்கள் நெருக்கம் சூழல் கேட்டின் கொடுமையைப் பெருக்குகிறது. ஆனால் அந்தக் கேட்டை அது உண்டாக்குவதில்லை. கேட்டை உண்டாக்குவதும், அதைத் தீர்க்கப் புறப்படும்போது சுமையை யார் தலையில் ஏற்றுவது என்று தீர்மானிப்பதும் உடைமையும் அதன் காவலனாகிய அரசும்தான். நாம் வாழும் இந்தத் தில்லியையும் அண்டையில் உள்ள பஞ்சாபையும் சான்றாகக் கொண்டே இதைப் பார்ப்போம்.

எண்கள் கூறுவது என்ன?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் ஒரு சதுர கிலோமீட்டரில் 382 பேர் வாழ்ந்தனர். பீகாரில் 1,106 பேர்; இராஜஸ்தானில் 200 பேர். இந்த இரு மாநிலங்களின் நிலத்தடி நீரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுதோறும் மண்ணில் ஊறி எடுப்பதற்கு உரியதாகக் கணக்கிடப்படும் நீரில் பீகார் எடுப்பது 45 விழுக்காட்டை ஒட்டியது. இராஜஸ்தான் எடுப்பதோ 150 விழுக்காட்டை ஒட்டியது. ஐந்து மடங்குக்கு மேல் நெருக்கம் உள்ள இடத்தில் நீர் மிஞ்சுகிறது. நெருக்கம் குறைந்த இடத்தில் நீர் வற்றுகிறது.

பீகாரில் கங்கை ஓடுகிறது, இராஜஸ்தான் பாலை நிலம், இந்த ஒப்பீடு முறையாகுமா என்று நீங்கள் கேட்கலாம். சரியான மறுப்புத்தான். ஆகவே வேறோர் இணையை எடுத்துக்கொள்வோம். அதே கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் ஒரு சதுர கிலோமீட்டரில் 551 பேர். தமிழ்நாட்டில் 555 பேர். நெருக்கம் ஏறத்தாழ ஒன்றே. தமிழ்நாடு எடுக்கும் நிலத்தடி நீர் 75 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அதிலும் வற்றிப்போன வட்டாரங்கள் பல உண்டு என்பதை நாம் அறிவோம். ஐந்து ஆறுகளின் பெயரைத் தாங்கிய பஞ்சாபோ 2023 வரையிலான மதிப்பீடுகளில் ஏறத்தாழ 165 விழுக்காடு எடுத்தது. மண்ணில் ஊறும் ஒவ்வொரு நூறு குடம் நீருக்கும் நூற்று அறுபத்தைந்து குடம் இறைத்தது. மிகுதி அறுபத்தைந்து குடமும் நம் பேரன் பேத்திகளுக்கு உரிய சேமிப்பிலிருந்து வந்தது.

பிறப்பு விகிதத்தையும் பார்ப்போம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண் ஒருவர் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 2.0. மக்கள்தொகை பெருகாமல் நிலைகொள்ளத் தேவையான அளவு 2.1 என்பர். பஞ்சாபிலும் தில்லியிலும் இந்த எண் 1.6. நாட்டிலேயே நீர் மிகக் கடுமையாக வற்றும் மாநிலமும், காற்று கடுமையாக நஞ்சாகும் நகரமும் குடும்பக் கட்டுப்பாட்டில் ஏற்கெனவே வெற்றி பெற்றுவிட்டன. ஆயினும் நீரும் காற்றும் மீளவில்லை.

மக்கள் பெருக்கம் உணவுப் பெருக்கத்தை எப்போதும் விஞ்சும், ஆகவே வறுமை இயற்கையின் விதி என்று 1798இல் மால்தஸ் எழுதினார். எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் மக்கள்தொகை விதி என்று ஒன்று மனித சமுதாயத்துக்குக் கிடையாது, ஒவ்வோர் உற்பத்தி முறைக்கும் தனித்தனி விதி உண்டு என்று மார்க்ஸ் மறுத்தார். இது ஏட்டளவில் நிற்கும் விவாதம் அன்று. 'மக்கள்தான் பிரச்சினை' என்ற முடிவுக்கு ஓர் அரசு வந்துவிட்டால் என்ன நேரும் என்பதைத் தில்லி கண்டிருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. 1976 ஏப்ரலில் இந்நகரின் துர்க்மான் வாயிலில் ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பின் யமுனை தெளிந்ததா? இல்லை.

ஒரு தாளின் கதை

மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதை நீங்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பஞ்சாபில் வயல்கள் எரிக்கப்படுவது குறித்த கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது 'பயிர்க்கழிவு' என்று எழுதினேன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த மூத்த தோழர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, வைக்கோலையும் தாளையும் எந்த விவசாயி கழிவு என்று சொல்லுவான் என்று கடிந்துகொண்டார். காவிரிப் படுகையில் குறுவை அறுத்த வயலில், அந்தத் தாளையே சேற்றில் மிதித்தும் மடக்கி உழுதும் அடுத்த நெல்லை நடுவர். அந்தப் போகத்துக்கே தாளடி என்றுதான் பெயர். ஓரிடத்தில் அடுத்த பயிருக்கு உரமாகும் தாள், மற்றோர் இடத்தில் தலைநகரைத் திணறடிக்கும் புகையாவது ஏன்? அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் தொடர்ந்து வருகிறேன்.

விடை பயிரில் இல்லை. பயிர் முறையில் இருக்கிறது. 1960-61இல் பஞ்சாபில் நெல் விளைந்த பரப்பு இரண்டேகால் லட்சம் ஹெக்டேர் அளவே. கோதுமை, மக்காச்சோளம், கடலை, கம்பு, பருத்தி என்று பல பயிர்கள் விளைந்த மண் அது. நெல் அம்மக்களின் அன்றாட உணவும் அன்று. 1965இல் இந்திய உணவுக் கழகம் அமைந்தது. பசுமைப் புரட்சி வந்தது. கோதுமைக்கும் நெல்லுக்கும் விலை அறிவித்து, அறிவித்த விலைக்குச் சந்தையில் வந்து கொள்முதல் செய்ய அரசு முன்வந்தது. வேறு பல பயிர்களுக்கும் விலை அறிவிக்கப்பட்டது. வாங்கத்தான் ஆள் இல்லை. கடன் வாங்கிப் பயிரிடுகிற விவசாயி, விற்குமா விற்காதா என்று அறியாத பயிரையா விதைப்பான்? இன்று அங்கே நெல் விளையும் பரப்பு 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நாட்டின் பசியைத் தீர்த்ததில் அந்த விவசாயிகளுக்கும், அங்கு நாற்று நட வந்த பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. நியாயவிலைக் கடை அரிசியை உண்டு வளர்ந்த நாம் அதை மறக்கலாகாது.

அந்த நெல்லுக்கு வேண்டிய நீரை வாய்க்கால்களால் தர இயலவில்லை. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. 1990களின் இறுதியில் வேளாண்மைக்கு இலவச மின்சாரம் வந்தது. நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழத் துளையிடவும் பெரிய மோட்டார் பொருத்தவும் பணம் உள்ளவன் இறைத்தான். இரண்டு ஏக்கர்க்காரன் அவனிடம் நீரை விலைக்கு வாங்கினான், அல்லது கடன் வாங்கித் தானும் துளையிட்டான்.

நீரைக் காக்க 2009இல் பஞ்சாபும் அரியானாவும் சட்டம் இயற்றின. இயற்றப்பட்டபோது பஞ்சாப் சட்டம் மே 10க்கு முன் நாற்றங்காலில் விதைக்கக் கூடாது என்றது. ஜூன் 10க்கு முன் நடக் கூடாது என்றது. கோடையின் உச்ச வெயிலில் நீர் ஆவியாவதைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அக்டோபர் பிற்பகுதியில் நெல்லை அறுத்து, நவம்பர் நடுவில் கோதுமையை விதைத்தாக வேண்டும். இடையில் இருப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் கதிரை அறுத்துக்கொண்டு, ஓரடிக்கும் மேல் உயரமான தாளை நிற்க விட்டுப் போகிறது. நெல்லுக்குப் பின் நெல் நடும் வயலில் தாளைச் சேற்றில் அழுத்திவிடலாம். நெல்லுக்குப் பின் கோதுமை விதைக்கும் வயலில் அது இயலாது. கோதுமைக்குச் சேறு ஆகாது. கால்நடைக்குக் கோதுமைப் பொட்டு இருப்பதால், மணல்சத்து மிகுந்த இந்த நெல்தாளை அங்கு யாரும் தீவனமாக விரும்புவதில்லை. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டன் தாள். அதை அகற்ற இயந்திரமும், அதை இழுக்கப் பெரிய டிராக்டரும், டீசலும் வேண்டும். தீக்குச்சியோ ஒரு ரூபாய்கூட ஆகாது.

அதே நாள்களில் வடக்குச் சமவெளியில் காற்றின் வேகம் குறைகிறது. குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தேங்கிவிடுகிறது. புகை மேலே எழும்பிக் கலைய வழியில்லை. நீரைக் காக்கச் செய்த சட்டம் காற்றைக் கெடுத்தது. இதில் மக்கள்தொகை எங்கே இருக்கிறது, தோழர்களே? ஒரு கொள்முதல் கொள்கை, ஒரு மின்சாரக் கொள்கை, ஒரு தேதி, ஓர் இயந்திரம்: இந்த நான்கின் தொடர்ச்சியைத்தான் காண்கிறோம். இவை நான்கும் மனிதர்கள் வகுத்தவை. ஆகவே மனிதர்களால் மாற்றக் கூடியவை.

நெருப்பு குறைந்தது, புகை குறைந்ததா?

தில்லியின் நஞ்சுக்குப் பஞ்சாப் விவசாயியே காரணம் என்று ஆண்டுதோறும் தொலைக்காட்சிகள் முழங்குகின்றன. எரிப்பு உச்சத்தில் இருக்கும் சில நாள்களில், தில்லிக் காற்றின் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் வயல் புகையாக இருப்பது உண்மைதான். ஆனால் அது சில வாரக் கதை. பஞ்சாபில் செயற்கைக்கோள் பதிவு செய்த எரிப்பு நிகழ்வுகள் 2021இல் 71,304, 2024இல் 10,909. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு மாலையில் எரிக்கிறார்கள், ஆகவே இந்தக் குறைவு முழு உண்மை அன்று என்ற விவாதமும் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் குறைவு குறைவுதான். ஆனால் 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. அந்தக் குறியீட்டின் உச்சவரம்பே 500தான்.

ஏனெனில் எஞ்சியவை ஆண்டு முழுவதும் உள்ளவை: ஊர்திகள், ஆலைகள், அனல்மின் நிலையங்கள், செங்கல் சூளைகள், கட்டுமானத் தூசு, எரியும் குப்பை, எரிவாயு உருளை வாங்க இயலாத வீடுகளின் விறகடுப்பு. தில்லியில் பதிவு பெற்றுள்ள ஊர்திகள் 80 லட்சத்தை ஒட்டியவை. அவற்றில் பெரும்பான்மை இருசக்கர வண்டிகள். அவற்றை ஓட்டுகிறவர்கள் யார்? நீங்களும் நானும்தான். பேருந்து வராத நிறுத்தத்தில் நின்று சலித்தவர்கள் கடனுக்கு வாங்கிய வண்டிகள் அவை. 1998இல் உச்சநீதிமன்றம், 2001 ஏப்ரலுக்குள் தில்லியின் பேருந்துகளை 10,000ஆக உயர்த்த வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆணையில் கூறப்பட்ட இயற்கை எரிவாயு மாற்றம், பல தடைகளைத் தாண்டி, 2002 இறுதிக்குள் நிறைவேறியது. பேருந்து எண்ணிக்கை மட்டும் நிறைவேறவில்லை. எரிபொருளை மாற்றும் செலவில் பெரும்பகுதியை ஆட்டோ ஓட்டியும் பேருந்துக்காரரும் ஏற்றனர். பேருந்து வாங்கும் செலவை அரசு ஏற்க வேண்டியிருந்தது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதிலேயே பாடம் இருக்கிறது.

யாருக்கு அவகாசம்?

இப்போது சில நிகழ்வுகளை வரிசையாக நினைவுபடுத்துகிறேன்.

1996 ஜூலையில் உச்சநீதிமன்றம் தில்லியில் இருந்த 168 அபாயகரமான ஆலைகளை அந்த ஆண்டு நவம்பர் 30க்குள் மூடச் சொன்னது. தொழிலாளிக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. தீர்ப்பில் இழப்பீடு கூறப்பட்டிருந்தது. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி எந்தத் தாளைக் காட்டி அதைக் கேட்பான்? ஆலை நின்ற நிலத்தின் ஒரு பகுதியைப் பொதுப் பயனுக்கு விட்டுக்கொடுத்த உடைமையாளர், எஞ்சிய பகுதியில் கட்டடம் எழுப்பிக்கொள்ள வழி செய்யப்பட்டது.

2020 அக்டோபரில், தலைநகர்ப் பகுதியின் காற்றைக் காக்கும் அவசரச் சட்டம் ஒன்றை ஒன்றிய அரசு பிறப்பித்தது. மீறுவோருக்கு ஐந்தாண்டுச் சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை அதில் இடமிருந்தது. தில்லி எல்லைகளில் அமர்ந்த விவசாயிகள் முன்வைத்த கோரிக்கைகளுள் இதிலிருந்து தங்களை விடுவிப்பதும் ஒன்று. போராடித்தான் அந்தச் சிறைத்தண்டனையை நீக்கவைத்தனர். ஆனால் அபராதம் போகவில்லை. 2024 நவம்பரில் அது இருமடங்காக்கப்பட்டது: இரண்டு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000.

காற்று மோசமானால் கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. அன்று காலை வேலைக்குப் போகும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒரு நாள் அவகாசம்கூடக் கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதியிலிருந்து அவர்களுக்குப் பிழைப்பூதியம் தருமாறு 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. அதுவும் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி முகாம் இடிக்கப்பட்டது. அங்கு இருந்தவர்கள் யார் என்று இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து, இந்நகரின் வீடுகளைப் பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து, பல பத்தாண்டுகளாக வாழ்ந்தவர்கள். பாராபுல்லா வடிகாலைத் தூர் வார வேண்டும், மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்பது நீதிமன்றத்தில் கூறப்பட்ட காரணம். 370 குடியிருப்புகளில் 189க்கு மட்டுமே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்றனர். அந்த வீடுகளும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில். இருந்த இடத்திலேயோ ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ மாற்று வீடு தர வேண்டும் என்று தில்லி அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கையே கூறுகிறது. நரேலாவிலிருந்து காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் அடுப்படி வேலைக்கு ஒரு பெண் எப்படி வந்து சேர்வாள்?

மறுபக்கத்தைப் பாருங்கள். அனல்மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டைஆக்சைடு, காற்றில் வேதிமாற்றம் அடைந்து நுண்துகளாகிறது. அதைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் விதி வெளியிடப்பட்டது; இரண்டு ஆண்டுக்குள் கருவி பொருத்த வேண்டும் என்றனர். இரண்டு ஆண்டு கழிந்தது, காலக்கெடு தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் அனல்மின் அலகுகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு அந்தக் கடமையே நீக்கப்பட்டது. தலைநகர்ப் பகுதியையும் பெருநகரங்களையும் ஒட்டியுள்ள அலகுகளுக்குக்கூட 2027 இறுதி வரை அவகாசம்.

ஒரு தீக்குச்சிக்கு உடனே அபராதம். ஒரு புகைபோக்கிக்குப் பத்தாண்டு அவகாசம். வடிகால் ஓரத்துக் குடிசைக்குப் புல்டோசர். விதியை மீறிய ஆலைக்கு விதிவிலக்கு. சூழல் பாதுகாப்பு என்ற பெயரிலேயே வர்க்க ஆட்சி நடைபெறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நெருக்கம் என்ற வாதம் இந்த வேறுபாட்டை மறைக்கிறது. 140 கோடிப் பேரும் குற்றவாளிகள் என்றால், குறிப்பிட்ட எவரும் குற்றவாளி இல்லை அல்லவா?

நெருக்கமே வழியும் ஆகும்

அப்படியானால் தீர்வு என்ன? மக்கள் நெருங்கி வாழ்வது ஒரு வாய்ப்பும்கூட என்பதை நாம் முதலில் உணர வேண்டும். சிதறி வாழும் நாட்டில் பேருந்து காலியாக ஓடும். நெருங்கி வாழும் நகரில் அது நிறைந்து ஓடும். ஒரே கழிவுநீர்க் குழாய், ஒரே மின்கம்பி, ஒரே மருத்துவமனை பல்லாயிரம் பேருக்குப் பயன்படும். கேரளத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 860 பேர். அங்கே ஆலப்புழை நகரம் தன் குப்பை முழுவதையும் சர்வோதயபுரம் என்ற ஊரில் கொட்டி வந்தது. அவ்வூர் மக்கள் போராடி லாரிகளைத் தடுத்தனர். 2012இல் நகரம் வேறு வழி தேடியது. வீட்டிலேயே மட்கும் குப்பையைப் பிரித்து எரிவாயுவாக்குவது, தெருவோரத் தொட்டிகளில் காற்றோட்டத்துடன் உரமாக்குவது என்ற முறை பரவியது. 2017இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்றாயிற்று. தில்லியின் காஜிப்பூரிலோ, 2002இலேயே கொள்ளளவு நிறைந்துவிட்ட குப்பைமேடு தொடர்ந்து வளர்ந்தது. 2017 செப்டம்பர் 1 அன்று சரிந்து இருவர் உயிரைக் குடித்தது. ஆலப்புழை சிறு நகரம், தில்லி பெருநகரம் என்பது உண்மை. ஆனால் தில்லியும் வார்டுகளால் ஆனதுதான். வார்டு அளவில் செய்ய முடிந்ததை வார்டு அளவில் தொடங்கலாம்.

நாம் வலியுறுத்த வேண்டியவை நான்கு.

முதலாவது, பயிர் மாற்றத்துக்கு விலை உத்தரவாதம். மக்காச்சோளம், பயறு, எண்ணெய் வித்து, சிறுதானியம் ஆகியவற்றுக்கு விலையை அறிவித்தால் போதாது. அறிவித்த விலைக்கு அரசு வாங்க வேண்டும், அதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலைக் கோரிக்கையை நாம் வருமானக் கோரிக்கையாக மட்டும் பேசிவருகிறோம். அது நீர்க் கோரிக்கை, காற்றுக் கோரிக்கையும்கூட. வாங்கப்படும் பயறும் சிறுதானியமும் நியாயவிலைக் கடைக்கு வந்தால், தில்லித் தொழிலாளியின் தட்டும் நிறையும்.

இரண்டாவது, மாறும் வரையிலான செலவைச் சமுதாயம் ஏற்பது. தாளை எரிக்காத சிறு, குறு விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் தருமாறு 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. அது நிலையான திட்டமாக வேண்டும். தாளை மடக்கும் இயந்திரங்களுக்கு 2018 முதல் மானியம் உண்டு. ஆனால் ஆண்டில் மூன்று வாரமே பயன்படும் இயந்திரத்தை ஒவ்வொரு விவசாயியும் வாங்குவது வீண். கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாக, ஏழை விவசாயியின் வயலுக்கு முதலில் வரும்படி அது இருக்க வேண்டும்.

மூன்றாவது, பேருந்து. மிதிவண்டியில் போகிறவரும் நடந்து போகிறவரும் அஞ்சாமல் செல்லத்தக்க சாலைகளுடன், ஏழைக்கு எட்டும் கட்டணத்தில், இரவிலும் ஓடும் பேருந்து. இதைவிடப் பெரிய சூழல் திட்டம் ஒன்றை இந்நகருக்கு நான் அறியேன்.

நான்காவது, ஒரு நெறி: வாழ்வாதாரத்துக்கு மாற்று ஏற்பாடு முன்னே வர வேண்டும், தடை பின்னே வர வேண்டும். கட்டுமானத்தை நிறுத்துமுன் கூலி உறுதி. குடிசையை அகற்றுமுன் அருகிலேயே வீடு. ஆலையை மூடுமுன் தொழிலாளிக்கு வேலை. அவகாசம் உழைப்பவனுக்கு, அபராதம் லாபம் ஈட்டியவனுக்கு.

நம்மை நோக்கிச் சில சொற்கள்

இவற்றை அரசிடம் கேட்டுவிட்டு நாம் அமைதியடைந்துவிட முடியாது. சூழல் என்பது குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்போரின் கவலை என்று நெடுங்காலம் நம்மில் பலர் ஒதுங்கியிருந்தோம். நானும் அவ்வாறு எண்ணியவன்தான். நாம் ஒதுங்கிய களத்தில் நீதிமன்றமும் நடுத்தர வர்க்கக் குடியிருப்போர் சங்கங்களும் நின்றன. அவர்கள் காற்றைப் பற்றிப் பேசினார்கள். காற்றை முதலில் சுவாசித்து முதலில் நோயுறும் சாலைப் பணியாளரைப் பற்றிப் பேசவில்லை. காற்றுத் தூய்மிப்பான் வாங்க முடிந்தவருக்கு ஒரு காற்று, குப்பை பொறுக்கும் குழந்தைக்கு வேறு காற்று என்று ஆகிவிட்டது.

கடினமான கேள்விகளையும் நாம் தவிர்க்கலாகாது. இலவச மின்சாரத்தைப் பறிக்கும் முயற்சியை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்பது சரியே. ஆனால் அதன் பயன் பெரும்பங்கு யாருக்குப் போகிறது, நீர் வற்றிய பின் இரண்டு ஏக்கர்க்காரனுக்கு என்ன மிஞ்சும் என்றும் நாம் பேச வேண்டும். பஞ்சாபில் இதே பரப்பில் இதே நெல் என்றென்றும் விளைய முடியாது என்பதை விவசாயிகளிடம் சொல்லும் துணிவு, அவர்களுடைய போராட்டத்தில் உடன் நின்றவர்களுக்குத்தான் உண்டு. மற்றவர்கள் சொன்னால் அது கட்டளை. நாம் சொன்னால் அது கலந்துரையாடல்.

பெரும் வேளாண்மையும் பெருநகரமும் பிரிந்து நிற்கும் முறை, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராத முறை, மண்ணையும் உழைப்பாளியையும் ஒருசேர வறளச் செய்யும் என்று மார்க்ஸ் மூலதனத்தில் விளக்கியிருக்கிறார். பஞ்சாபின் நீர் அரிசியாகி நாடெங்கும் போகிறது. அதன் தாள் புகையாகித் தில்லிக்கு வருகிறது. மண்ணுக்குத் திரும்புவது சாம்பல் மட்டுமே. அந்த வட்டத்தை மீண்டும் முழுமையாக்குவதே நம் திட்டத்தின் சாரம்.

சென்ற முறை கேள்வி கேட்ட தோழரே, உங்கள் பேரக்குழந்தை இந்நாட்டில் மிகுதியாகப் பிறந்துவிட்ட ஒருவர் அல்லர். அந்தக் குழந்தைக்கு உரிய காற்றை வேறு எவரோ செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். அது யார் என்று கணக்குக் கேட்பதுதான் நம் வேலை. வரும் நவம்பருக்கு முன், நாம் வாழும் பகுதிகளில் கட்டுமானத் தொழிலாளரின் நலவாரியப் பதிவை முடித்துத் தரும் பணியிலிருந்து அதைத் தொடங்குவோம். பதிவு இருந்தால்தான் வேலை நிற்கும் நாளில் பிழைப்பூதியம் கிடைக்கும். அடுத்த வகுப்பில், பெயர்ப் பட்டியலுடன் சந்திப்போம்.